தலையில் போடும் கலை

விமானத்திலிருந்து பாராசூட் கட்டிப் பொருளையோ ஆளையோ இறக்குவது கஷ்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இறக்குவதில் ஒரு கஷ்டமும் இல்லை. கதவைத் திறந்தால் போதும், மிச்சத்தைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். வேண்டியவர் கையில், வேண்டிய இடத்தில், உடையாமல், யார் மண்டையையும் உடைக்காமல் சேர்ப்பதுதான் கஷ்டம். அதை உங்களிடம் யார் கேட்டார்கள்?

உங்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர என்னிடம் எதுவுமில்லை. எண்பது வருஷத்துக்கு மேலாக வல்லரசுகள் செய்து காட்டியதைத்தான் நீங்களும் செய்துகொண்டிருக்கிறீர்கள். என்ன, கொஞ்சம் ஒழுங்கில்லாமல் செய்கிறீர்கள். எங்கேயோ ஒரு தப்பை விட்டுவிடுகிறீர்கள்; ஒரு மூட்டை தவறிப்போய்ப் பசித்தவர் வீட்டு வாசலில் விழுந்துவிடுகிறது. இனி அப்படி நடக்காது. நோட்டை எடுத்து எழுதிக்கொள்ளுங்கள்.

1. சாலை மூடியிருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்

திறந்திருக்கும் சாலைக்குப் பக்கத்தில் பாராசூட் எடுபடாது. லாரியோடு ஒப்பிட்டுவிடுவார்கள். ஒரு சி-130 விமானத்தை மூச்சுமுட்ட ஏற்றினாலும் அதன் சுமை ஒரு பெரிய லாரியின் சுமையை ஒட்டித்தான் வரும். செலவோ பல மடங்கு. இந்தக் கணக்கை எவரும் போட்டுப் பார்க்காமல் இருக்க ஒரே வழி, லாரி ஓடாமல் இருப்பது.

சாலையை மூடியவர் உங்கள் நண்பராக இருந்தால் இன்னும் நல்லது. அவரிடம் போய் "கதவைத் திற" என்று சொன்னால் நட்பு கெடும். மேலே பறந்து போட்டால் கெடாது. 2024 மார்ச் 2 அன்று அமெரிக்கா மூன்று சி-130 விமானங்களிலிருந்து 66 கட்டுகளாக 38,000 வேளைச் சாப்பாட்டைக் காசாவின் மேல் போட்டது. அதே நேரம் எகிப்து எல்லையில் லாரிகள் சோதனைக்கும் அனுமதிக்கும் வரிசையில் நின்றன. கீழே விழுந்த குண்டுகளில் பல எந்த நாட்டில் தயாரானவை என்று கேட்கிறீர்களா? வகுப்பில் குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது.

2. வானிலை அலுவலகத்தைக் கூப்பிடும் முன் பத்திரிகையாளர்களைக் கூப்பிடுங்கள்

விரிந்த பாராசூட்டைப் போலப் படத்துக்கு வாட்டமான பொருள் வேறில்லை. லாரியிலிருந்து மாவு மூட்டையை இறக்கும் ஆளை யாரும் முதல் பக்கத்தில் போட மாட்டார்கள்.

இந்தப் பாடத்தின் சிறந்த மாணவர் நம் பக்கத்திலேயே இருக்கிறார். 1987 ஜூன் 3 அன்று ராமேசுவரத்திலிருந்து நிவாரணப் பொருளோடு புறப்பட்ட படகுகளை இலங்கைக் கடற்படை வழிமறித்துத் திருப்பி அனுப்பியது. மறுநாளே பெங்களூரிலிருந்து ஐந்து ஏஎன்-32 விமானங்கள் கிளம்பின. துணைக்கு மிராஜ் போர் விமானங்கள். சாமானோடு உள்நாட்டு, வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களையும் ஏற்றிக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்தின் மேல் விழுந்தது சுமார் 25 டன். பெயர் 'ஆபரேஷன் பூமாலை'.

முற்றுகைக்குள் லட்சக்கணக்கானவர்கள் இருந்த குடாநாட்டுக்கு 25 டன் என்றால் தலைக்கு ஒரு பிடி அரிசி. அதனால் தோல்வி என்று அவசரப்பட்டு எழுதாதீர்கள். அந்த மூட்டைகளின் உண்மையான முகவரி யாழ்ப்பாணம் இல்லை, கொழும்பு. டெல்லியிலிருந்த இலங்கைத் தூதரைக் கூப்பிட்டு, விமானங்கள் வருகின்றன, தடுத்தால் திருப்பித் தாக்குவோம் என்று சொல்லிவிட்டுத்தான் பறந்தார்கள். போய்ச் சேர வேண்டியவரிடம் கச்சிதமாகச் சேர்ந்தது. எட்டு வாரத்தில், ஜூலை 29 அன்று, இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. வானத்தைப் பார்த்துக் கையசைத்த யாழ்ப்பாணத்து மக்களுக்கு அன்று மனம் நிறைந்தது என்பதும் உண்மை. வயிற்றுக்கு இந்தப் பாடத்தில் மதிப்பெண் கிடையாது.

3. காற்றைப் பற்றிக் கேட்காதீர்கள்

கணக்குப் போடும் சில கிழவர்கள் எல்லாப் படையிலும் உண்டு. உயரத்தை நூறடிக் கணக்கில் எடு, காற்றின் வேகத்தை 'நாட்' கணக்கில் எடு, இரண்டையும் பெருக்கி மூன்றால் பெருக்கு, குதித்த ஆள் அத்தனை மீட்டர் தள்ளிப்போய் விழுவான் என்பார்கள். எண்ணூறு அடி, பத்து நாட் காற்று என்றால் 240 மீட்டர். அதாவது தெருவை விட்டுத் தெரு தாண்டிவிடும். காற்று இரட்டித்தால் அடுத்த ஊர் எல்லை.

இந்தக் கணக்கை மதித்தால் தாழப் பறக்க வேண்டிவரும். தாழப் பறந்தால் கீழேயிருந்து சுடுவார்கள். ஆகவே உயரே போங்கள். 1993இல் கிழக்கு பொஸ்னியாவில் முற்றுகையிடப்பட்ட ஊர்களுக்கு அமெரிக்க விமானங்கள் இரவில், பத்தாயிரம் அடி உயரத்திலிருந்து போடத் தொடங்கின. அவ்வளவு உயரத்தில் ஒவ்வொரு அடுக்கிலும் காற்று ஒவ்வொரு திசை. பெருக்கல் வாய்பாடு எடுபடாது. முதல் தடவை செர்ஸ்கா என்ற ஊரைக் குறிவைத்த கட்டுகள் மலைப்பக்கம் சிதறின. மக்கள் பனியில், இருட்டில், துப்பாக்கிகளுக்கு நடுவே தேடிப் போனார்கள். விமானத்தில் யாருக்கும் காயமில்லை. இதைத்தான் வெற்றிகரமான பணி என்று அறிக்கையில் எழுத வேண்டும்.

4. நிறத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் படியை அவசரமில்லாமல் படியுங்கள். இதைவிடத் துல்லியமாக யாரும் செய்ததில்லை.

2001 அக்டோபர் 7 இரவு ஆப்கானிஸ்தானின் மேல் குண்டும் சாப்பாடும் ஒன்றாகப் புறப்பட்டன. சாப்பாட்டுப் பொட்டலம் ஒன்றில் 2,200 கலோரி. மாமிசம் கிடையாது, எல்லா மதத்தாரும் சாப்பிடலாம் என்று யோசித்துச் செய்திருந்தார்கள். அவரையும் சோறும் இருந்தது. வேர்க்கடலை வெண்ணெயும் ஸ்ட்ராபெர்ரி ஜாமும் இருந்தன. இந்துகுஷ் மலையடிவாரத்து விவசாயிக்கு அதை எதில் தடவுவது என்று தெரியுமா தெரியாதா என்பதெல்லாம் தலைமையகத்தின் பிரச்சினை இல்லை. உறையின் மேல் அமெரிக்கக் கொடி. இது அமெரிக்க மக்களின் உணவுப் பரிசு என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

உறையின் நிறம் மஞ்சள். தூரத்திலிருந்து பளிச்சென்று தெரியும்.

அதே வாரங்களில் வீசிய கொத்துக்குண்டு ஒன்றுக்குள் 202 குட்டிக்குண்டுகள். வெடிக்காமல் தரையில் கிடப்பவையும் அவற்றில் உண்டு. அளவு குளிர்பான டப்பா அளவு. நிறம் மஞ்சள். தூரத்திலிருந்து பளிச்சென்று தெரியும்.

இங்கே சாதாரண ஆள் நிறத்தை மாற்றியிருப்பார். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். முதலில் வானொலியில் அறிவிப்புப் போடுங்கள்: சதுரமாக இருந்தால் சாப்பாடு, உருளையாக இருந்தால் குண்டு, தொடாதீர்கள் என்று பாரசீகத்திலும் பஷ்தோவிலும் விளக்குங்கள். அவர்கள் அப்படித்தான் விளக்கினார்கள். எடுக்கப் போகிற ஆறு வயதுப் பிள்ளை வடிவியல் படித்திருக்கும் என்று நம்புங்கள். சில வாரம் கழித்துப் பொட்டலத்தை நீலமாக்கப் போவதாக அறிவியுங்கள். ஏற்கெனவே செய்து அடுக்கிய மஞ்சள் பொட்டலங்கள் வீணாகுமே என்ற கவலையையும் மறக்காதீர்கள். சிக்கனம் முக்கியம்.

5. யார் கொடுத்தது என்பது தெரிய வேண்டும்

மேலே சொன்ன கொடி போதாது என்று நினைப்பவர்கள் சென்னைக்கு வரலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மொட்டைமாடிகளின் மேல் ஹெலிகாப்டர்கள் உணவுப் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தபோது, கீழே சாலையில் எவரோ கொண்டுவந்த நிவாரணப் பொருளுக்கு வேறு யாருடைய படமோ ஸ்டிக்கராக ஒட்டப்படுவதாகத் தமிழ்நாடே பேசியது. பாராசூட்டில் இல்லாத வசதி இது: அடுத்தவர் சுமையை நம் பெயரில் இறக்குவது. ஆனாலும் ஆர்வமுள்ள மாணவர்கள் இதை மேல்படிப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

6. விரியாத பாராசூட்டுக்கும் திட்டத்தில் இடம் கொடுங்கள்

சரக்குப் பாராசூட்டைத் திறக்க யாரும் கயிறு இழுப்பதில்லை. விமானத்தோடு கட்டிய பட்டை, கட்டு வெளியே சரியும்போது உறையை இழுத்துத் திறக்கும். மடித்ததில் ஒரு சுருக்கம், ஈரம், நூலில் ஒரு முறுக்கு, போதும். அரை டன் கட்டு அப்படியே வரும்.

கூட்டம் நிற்கும் இடமாகப் பார்த்துப் போடுங்கள். பசித்தவர்கள் பாராசூட்டைக் கண்டால் விலகி ஓட மாட்டார்கள், அதன் அடியை நோக்கி ஓடுவார்கள். தரையில் உங்கள் ஆள் ஒருவர்கூட இருக்கக் கூடாது. இருந்தால் கயிறு கட்டிக் கூட்டத்தை ஒதுக்கித் தொலைப்பார். 2024 மார்ச் 8 அன்று காசாவின் ஷாத்தி முகாமருகே விரியாத பாராசூட்டோடு விழுந்த கட்டு ஐந்து பேரைக் கொன்றது. எந்த நாட்டு விமானம் என்ற கேள்வி எழுந்தது. எங்களுடையதில்லை என்று நாடுகள் மறுத்தன. அந்த மாதக் கடைசியில் பெய்த் லஹியா கடற்கரையில் தண்ணீரில் விழுந்த கட்டுகளை எடுக்க நீந்திப்போனவர்களில் பன்னிரண்டு பேர் மூழ்கி இறந்ததாக அங்குள்ளவர்கள் சொன்னார்கள்.

கவனியுங்கள்: இத்தனை நாடுகள் ஒரே வானத்தில் போட்டால் படத்தில் எல்லாரும் இருப்பார்கள், பழியில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். கூட்டாகச் செய்வதன் பலன் இதுதான்.

7. எதிரிக்கும் பசிக்கும்

1944 செப்டம்பரில் ஹாலந்தின் ஆர்ன்ஹெம் பாலத்தைப் பிடிக்கப் பிரிட்டிஷ் பாராசூட் படையை இறக்கினார்கள். பாலத்துக்குப் பக்கத்தில் இறக்கவில்லை. பத்துக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. நடந்து போகட்டும், உடம்புக்கு நல்லது. அவர்களுடைய வானொலிக் கருவிகள் சரியாக வேலை செய்யவில்லை. அதனால் சாமான் போட முன்பே குறித்த இடம் ஜெர்மானியர் கைக்குப் போய்விட்ட சேதி விமானங்களுக்குப் போகவில்லை. சாமான் குறித்த நேரத்தில், குறித்த இடத்தில், ஜெர்மானியர்மேல் துல்லியமாக விழுந்தது.

செப்டம்பர் 19 அன்று டேவிட் லார்ட் என்ற விமானி எரிகிற டகோட்டாவை நேராகப் பிடித்துப் பெட்டிகளை இறக்கினார். இரண்டு பெட்டி மிஞ்சியது. எரிந்த விமானத்தைத் திருப்பிக்கொண்டுவந்து அதையும் இறக்கினார். விமானத்திலிருந்த எட்டுப் பேரில் ஒருவர் பிழைத்தார். லார்டுக்கு விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். பெட்டிகள் எதிரிக்குப் போயின. வீரம் மேலே இருக்கும்போது, தகவல் கீழே இருந்தே ஆக வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எதிரிக்குத் தொடர்ந்து போட விரும்புகிறவர்கள் தியன் பியன் பூவைப் படிக்கவும். 1954இல் அந்தப் பள்ளத்தாக்கில் சிக்கிய பிரெஞ்சுப் படைக்கு ஓடுபாதை போனபின் பாராசூட் ஒன்றே வழி. பிடியிலிருந்த நிலம் நாளுக்கு நாள் சுருங்க, விழுகிறதில் எதிரியின் பங்கு நாளுக்கு நாள் கூடியது. பிரெஞ்சுக்காரர் போட்ட பீரங்கிக் குண்டுகளை எடுத்து வியட்நாமியர் பிரெஞ்சுக்காரரையே சுட்டார்கள். தளபதிக்குப் பதவி உயர்வு தந்து அனுப்பிய நட்சத்திரங்களும், கொண்டாட அனுப்பிய மதுவும்கூட எதிரிப் பக்கம் விழுந்ததாகச் சொல்வார்கள். விருந்தோம்பல் என்றால் அது.

8. ஆளை ஒரு பக்கமும் ஆயுதத்தை இன்னொரு பக்கமும் போடுங்கள்

ஆளை இறக்குவது மூட்டையை இறக்குவதைவிடச் சுலபம். மூட்டை நடக்காது. ஆள் பிழைத்தால் நடப்பான்.

பழைய ராணுவப் பாராசூட்டில் இறங்குகிறவன் தரையைத் தொடும் வேகம், ஏழெட்டு அடி மதில்மேலிருந்து குதிப்பது போல. அதற்கே கால் ஒடியும். ஜெர்மானியர் இதைப் போதாது என்று கருதினார்கள். அவர்களுடைய பாராசூட்டின் கயிறுகள் முதுகுக்குப் பின்னால் ஒரே இடத்தில் சேரும். தொங்குகிறவன் கையை வைத்துத் திசை திருப்ப முடியாது. துப்பாக்கிகள் தனிப் பெட்டியில், தனிப் பாராசூட்டில். பெரும்பாலானவர்கள் கைத்துப்பாக்கியும் கையெறிகுண்டும் கத்தியுமாகத்தான் குதித்தார்கள்.

1941 மே 20 அன்று கிரீட் தீவில் இப்படிக் குதித்தவர்கள் ஆலிவ் தோப்புகளுக்குள் தங்கள் பெட்டியைத் தேடி ஓடினார்கள். தோப்புக்குள் ஏற்கெனவே நியூசிலாந்துக்காரர்கள் துப்பாக்கியோடு இருந்தார்கள். தீவு கடைசியில் ஜெர்மானியருக்குக் கிடைத்தது. ஆனால் இழப்பைப் பார்த்த ஹிட்லர், பாராசூட் படையின் காலம் முடிந்தது என்ற முடிவுக்கு வந்தார். தோற்ற பிரிட்டனும் வேடிக்கை பார்த்த அமெரிக்காவும் இதே சண்டையைப் படித்து, ஆகா, நமக்கும் இது வேண்டும் என்று பெரும்படைகளைக் கட்டின. ஒரே விபத்திலிருந்து இரு தரப்பும் எதிரெதிர்ப் பாடம் கற்றன. பயிற்சியாளனுக்குப் பெருமையான நாள்.

9. சொந்தக்காரர்களிடம் ரகசியம் காத்திடுங்கள்

1943 ஜூலை 11 இரவு, சிசிலிக்கு 144 அமெரிக்க விமானங்கள் பாராசூட் வீரர்களை ஏற்றி வந்தன. சற்றுமுன் ஜெர்மானிய விமானங்கள் வந்து குண்டு போட்டுப் போயிருந்தன. கீழே கப்பலிலும் கரையிலும் இருந்த அமெரிக்கப் பீரங்கிக்காரர்களுக்குச் சேதி சரியாகப் போய்ச் சேரவில்லை. ஒருவன் சுட்டான், எல்லாரும் சுட்டார்கள். 23 விமானங்கள் விழுந்தன. எல்லாம் சொந்தக் குண்டு.

எதிரியிடம் ரகசியம் காப்பது வேறு விஷயம். அதற்கு மீண்டும் யாழ்ப்பாணத்துக்கே வாருங்கள். பூமாலை போட்ட நான்கு மாதத்தில், 1987 அக்டோபர் 11 நள்ளிரவை ஒட்டி, அதே இந்திய விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் வீரர்களை இறக்கின. பாராசூட் இல்லை, ஆனாலும் நம் பாடத்திட்டத்துக்குள் வரும். இதற்குள் எதிரியாகிவிட்ட விடுதலைப் புலிகள் இந்திய வானொலிப் பேச்சை ஒட்டுக்கேட்டுக் காத்திருந்தார்கள். அடுத்தடுத்து வர வேண்டிய ஹெலிகாப்டர்கள் துப்பாக்கிச் சூடு தாங்காமல் நின்றுபோயின. இறங்கிவிட்ட சீக்கிய இலகு காலாட்படை வீரர் முப்பது பேரில் 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். ஜூனில் மேலே பார்த்துக் கையசைத்த ஊர் அது. அங்கிருந்து அந்த மைதானம்வரை வர ஓர் அரசாங்கத்துக்கு நான்கு மாதம் போதுமானதாக இருந்தது.

10. வாடிக்கையாளர் தூங்கும்போது போடுங்கள்

1995 டிசம்பர் 17 இரவு மேற்கு வங்கத்தின் புருலியாவில் ஏஎன்-26 விமானம் ஒன்று பெட்டி பெட்டியாக ஏகே-47 துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் போட்டது. எதிர்பார்த்தவர்களுக்குப் பதில், காலையில் வயலுக்குப் போன கிராமத்தார் கண்டெடுத்தார்கள். இதோடு நின்றால் சுமாரான வேலை. சில நாளில் அதே விமானம் அதே நாட்டின் வானத்துக்குள் திரும்பி வந்து, மும்பையில் கட்டாயமாக இறக்கப்பட்டது. இதுதான் தொழில் பக்தி.

11. கெட்ட சகவாசத்தைத் தவிருங்கள்

இந்தத் துறையிலும் சில விஷமிகள் உண்டு. ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்தார் தென்சூடானில் தானியத்தைப் பாராசூட்டே இல்லாமல், சாக்குக்குள் சாக்கு வைத்துத் தைத்துப் போடுகிறார்கள். போடுமுன் தரையில் ஆள் இருக்கிறார். இடத்தைக் குறித்து, கூட்டத்தை விலக்கி, விமானிக்குச் சரி சொல்கிறார். பிறகு பெயர் எழுதிப் பங்கிடுகிறார்கள். அத்தோடு, வானிலிருந்து போடுவது வேறு வழியே இல்லாதபோது செய்ய வேண்டியது, சாலைதான் மலிவு என்று தாங்களே சொல்லி வியாபாரத்தைக் கெடுக்கிறார்கள். 1971 டிசம்பர் 11 அன்று டாங்காயிலில் குதித்த இந்தியப் பாராசூட் பட்டாளமும் இப்படித்தான்: ஓர் அதிகாரியை முன்னதாகவே உள்ளே அனுப்பி, முக்தி பாகினியோடு சேர்ந்து இடத்தைப் பார்த்து வைத்துவிட்டுக் குதித்தார்கள்; புங்லி பாலத்தையும் பிடித்தார்கள்.

எல்லாரையும்விட மோசம் அமெரிக்காவின் ஐடஹோ மாநில வனவிலங்குத் துறை. 1948இல் 76 பீவர் பிராணிகளைக் காட்டுக்குள் பாராசூட்டில் இறக்க நினைத்தார்கள். தரை தொட்டதும் தானே திறக்கும் பெட்டி செய்தார்கள். ஜெரோனிமோ என்று பெயர் வைத்த ஒரு கிழட்டு பீவரைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துப் பெட்டியைச் சரிசெய்தார்கள். 76இல் ஒன்றுதான் செத்தது. மறுவருஷம் போய்ப் பார்த்தார்கள். மற்றவை அணை கட்டிக் குடும்பமாக இருந்தன. பார்த்தீர்களா அநியாயத்தை? வாக்குரிமை இல்லாத பிராணிக்கு இத்தனை ஒத்திகை. மனிதருக்கு இதைச் செய்ய ஆரம்பித்தால் பிறகு எல்லாரும் கேட்பார்கள்.

12. அறிக்கை எழுதுவது

இது முக்கியம். கதவைத் தாண்டிய ஒவ்வொரு கிலோவையும் "வழங்கப்பட்டது" என்று எழுதுங்கள். கடலில் விழுந்தது, எதிரிக்குப் போனது, வலுத்தவன் அடித்துப் பிடுங்கிச் சந்தையில் விற்றது, எல்லாம் அதே பத்தியில் வரும். தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்காதீர்கள். 38,000 வேளைச் சாப்பாட்டை இருபது லட்சத்துக்கு மேற்பட்ட காசா மக்களால் வகுத்தால் ஐம்பது, அறுபது பேருக்கு ஒரு வேளை என்று வரும். அது வாசகருக்குத் தேவையில்லாத விவரம். 38,000 என்று மட்டும் போடுங்கள், நிறைவாக இருக்கும்.

அலுவலகப் படிவத்தில் "யாரிடம் சேர்ந்தது" என்று ஒரு கட்டம் இருந்தால் அதைக் காலியாக விட வேண்டாம், தணிக்கையில் கேட்பார்கள். அச்சகத்தில் சொல்லி அடுத்த பதிப்பில் அந்தக் கட்டத்தையே எடுத்துவிடச் சொல்லுங்கள்.